பட்டாளத்துப் பித்தளை

துப்பாக்கியைச் சுட்டால் குண்டு பறந்துவிடுகிறது. மருந்து புகையாகிவிடுகிறது. மிஞ்சுவது ஒரு சிறு பித்தளைக் கூடு. சிப்பாயின் காலடியில் விழுகிற அந்தக் கூட்டைப் பொறுக்கி, பீப்பாயில் நிரப்பி, எடை போட்டு விற்பது அமெரிக்க இராணுவத்தின் வழக்கம். அதை எடைக்கு வாங்கி எண்ணிக்கைக்கு விற்று லாபம் பார்ப்பவர்கள் அந்த நாட்டில் பலர் இருக்கிறார்கள்.

"அமெரிக்கக்காரன் பித்தளை விற்றால் நமக்கென்ன?" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பழைய உலோகம் ஓரிடத்தில் நிற்காது. கப்பல் ஏறும், கடல் தாண்டும், சென்னையிலும் தூத்துக்குடியிலும் வந்து இறங்கும். போதாக்குறைக்கு, பட்டாளத்துக் கழிவை உருக்கப் போய் உயிரை விட்ட தொழிலாளிகள் நம் நாட்டிலேயே உண்டு. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

இந்த வியாபாரத்தைப் பற்றி என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்டாளம் காலிக் கூட்டை விற்கட்டும். வாங்குகிறவன் நாலு காசு லாபமும் பார்க்கட்டும். அதில் பாவம் ஒன்றும் இல்லை. ஆனால் சரக்கு பட்டாளத்தின் வாசலைத் தாண்டுவதற்கு முன்னால், சுடாத தோட்டா ஒன்றும் உள்ளே இல்லை என்று பட்டாளமே தன் செலவில் பார்த்து, தன் கையெழுத்தைப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

கூட்டுக்கு ஏன் இத்தனை மவுசு?

தோட்டா என்பது நாலு சாமான் சேர்ந்தது. முன்னால் குண்டு. உள்ளே மருந்து. அடியில், மருந்துக்குத் தீ மூட்டுகிற கேப்பு. இந்த மூன்றையும் பிடித்து வைத்திருக்கிற கூடு நாலாவது. நாலில் விலை கூடியது பெரும்பாலும் இந்தக் கூடுதான்.

நூற்றுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளையில் கூட்டைச் செய்கிறார்கள். வெடிக்கும் கணத்தில் கூடு விரிந்து, துப்பாக்கியின் உட்சுவரோடு ஒட்டிக்கொண்டு, பின்பக்கம் புகை கசியாமல் அடைக்க வேண்டும். அடுத்த கணமே சற்றுச் சுருங்கி, சுலபமாகக் கழன்று வெளியே விழ வேண்டும். விரியவும் தெரிந்து சுருங்கவும் தெரிந்த உலோகம் இந்தப் பித்தளை. இரும்பிலும் கூடு செய்கிறார்கள். ஆனால் இந்த வேலைக்குப் பித்தளைக்கு இருக்கிற சுபாவம் அதற்கு இல்லை.

துப்பாக்கி சுடுவதைப் பொழுதுபோக்காகக் கொண்ட அமெரிக்கர்கள் அநேகம் பேர் தோட்டாவைக் கடையில் வாங்குவதில்லை. வீட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து தாங்களே கட்டிக்கொள்கிறார்கள். காலிக் கூட்டின் அடியிலிருந்து செத்த கேப்பைத் தட்டி எடுக்க வேண்டும். கூட்டை அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டு வர வேண்டும். புதுக் கேப்பு, புது மருந்து, புதுக் குண்டு வைத்தால் தோட்டா தயார். ஒரே கூடு பல தடவை உழைக்கும்.

இராணுவம் அப்படிச் செய்வதில்லை. ஒரு தடவை சுட்ட கூட்டை அது மறுபடி கெட்டிப்பதில்லை. ஆகவே பட்டாளத்துக் கூடு என்றால் "ஒரே தடவை சுட்டது" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். தனியார் சுடுமிடங்களில் பொறுக்கிய கூடு எத்தனை தடவை வெடித்து, எத்தனை கை மாறியதோ, யார் கண்டது? பட்டாளத்துச் சரக்குக்கு மவுசு வந்தது இதனால்தான்.

கையில் எடுத்துப் பார்த்தாலே அதன் ஜாதகம் தெரியும். அடிப்பாகத்தில் தொழிற்சாலையின் எழுத்தும் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கமும் பொறித்திருக்கும். 'எல்.சி.' என்றிருந்தால் மிசௌரி மாநிலத்தில் இண்டிபென்டன்ஸ் என்ற ஊரில் 1941-ல் ஏற்பட்ட லேக் சிட்டி இராணுவத் தோட்டாத் தொழிற்சாலை. வட்டத்துக்குள் சிலுவை மாதிரி ஒரு குறி இருந்தால் நேட்டோ நாடுகளின் அளவுக்குச் செய்தது. கழுத்துப் பக்கம் நீலம் பாய்ந்த மாதிரி ஒரு கறை தெரியும். அது அழுக்கு அல்ல. கழுத்து வெடித்துவிடாமல் இருக்க அதை மட்டும் சூடு காட்டிப் பதம் செய்கிறார்கள். கடைக்குப் போகிற தோட்டாவில் அந்தக் கறையைத் துடைத்துப் பளபளப்பாக்கிவிடுவார்கள். பட்டாளத்துத் தோட்டாவில், பதம் செய்தது பார்வைக்குத் தெரியட்டும் என்று அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

காலிக் கூட்டைச் சர்க்காரே மறுபடி பயன்படுத்தியதும் உண்டு. இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்காவுக்குச் செம்புத் தட்டுப்பாடு வந்தது. 1943-ல் ஒரு சென்ட் நாணயத்தை, துத்தநாகம் பூசிய இரும்பில் அடித்தார்கள். அது ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை. இருட்டில் பத்து சென்ட் காசு என்று ஏமாந்தவர்களும் உண்டு. 1944 முதல் 1946 வரை, சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளை உருக்கிச் சேர்த்துப் பழையபடி செம்பு நிறக் காசு அடித்தார்கள். போர்முனையில் விழுந்தது கடைக்காரர் கல்லாவுக்கு வந்து சேர்ந்தது. பழைய நாணயம் சேர்க்கிறவர்கள் இன்றைக்கும் அதைத் 'தோட்டாக் காசு' என்று தேடுகிறார்கள்.

எடையும் எண்ணிக்கையும்

வியாபாரத்துக்கு வருவோம். அமெரிக்கப் பட்டாளத்தில் வேண்டாத சாமானைக் கழிப்பதற்கென்றே ஓர் இலாகா இருக்கிறது. தலைமை அலுவலகம் மிச்சிகன் மாநிலத்தில் பாட்டில் கிரீக் என்ற ஊரில். மக்காச்சோளத்தைத் தட்டையாக்கிக் காலைப் பலகாரம் ஆக்கிய டாக்டர் கெல்லாக் ஒரு காலத்தில் ஆரோக்கிய நிலையம் நடத்திய அதே கட்டடத்தில்தான் பீரங்கிக்கும் பூட்ஸுக்கும் கணக்கு முடிக்கிறார்கள்! 2010-ல் இலாகாவின் பெயர் மாறியது. தொழில் மாறவில்லை. 2001 முதல் ஒரு தனியார் நிறுவனத்தின் மூலம் கம்ப்யூட்டர் வழியாக ஏலம் விடுகிற முறையும் வந்தது.

ஏலத்தின் நிபந்தனை நம் காயலான் கடைக்காரர்களுக்கும் தெரிந்ததுதான். "சரக்கு உள்ளது உள்ளபடி, இருக்கிற இடத்தில்." பிறகு குறை சொல்லக்கூடாது. வாங்குகிறவனே லாரி கொண்டு வந்து ஏற்றிக்கொள்ள வேண்டும். இன்னாருக்கு, இன்ன காரியத்துக்கு வாங்குகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவும் வேண்டும்.

இதில் லாபம் எங்கே இருக்கிறது? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 5.56 மில்லிமீட்டர் துப்பாக்கியின் காலிக் கூடு ஒன்று ஏறக்குறைய 6 கிராம் இருக்கும். கிலோவுக்குச் சுமார் 160 கூடு. 7.62 மில்லிமீட்டர் என்றால் ஒன்று 12 கிராம், கிலோவுக்கு 85 போல் வரும். பெரிய இயந்திரத் துப்பாக்கியின் அரை அங்குலத் தோட்டாக் கூடு ஒன்றே 50 கிராமுக்கு மேல். கிலோவுக்கு இருபதுகூடத் தேறாது.

ஒரு பேச்சுக்கு, சிறு கூட்டை ஒன்று ஐந்து சென்ட் என்று தோட்டா கட்டுகிறவர்களுக்கு விற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கிலோ எட்டு டாலர் ஆயிற்று. அதே பித்தளையை உலைக்காரனிடம் நிறுத்துப் போட்டால் மூன்று டாலரோ நாலு டாலரோ கிடைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் இருக்கிற வித்தியாசம்தான் இந்த வியாபாரம் முழுவதும். நம் வீட்டுப் பழைய பித்தளைக் குடத்தைப் பாத்திரக் கடைக்குக் கொண்டு போனால் கடைக்காரர் என்ன செய்கிறார்? குடம் முழுசாக இருக்கிறதா, நசுங்கியிருக்கிறதா என்று பார்ப்பதில்லை. தராசில் போடுகிறார். பட்டாளமும் அந்தக் கடைக்காரர் மாதிரி எடையைத்தான் பார்க்கிறது. வாங்குகிறவனுக்குக் குடத்தின் உருவம் கண்ணில் படுகிறது.

அந்த உருவத்தைக் காசாக்குவதும் லேசான வேலை இல்லை. பீப்பாயைக் கவிழ்த்தால் பித்தளையோடு மண், கல், சிகரெட்டுத் துண்டு, இயந்திரத் துப்பாக்கிப் பட்டையின் இரும்புக் கண்ணி எல்லாம் வரும். காந்தம் காட்டி இரும்பை எடுக்க வேண்டும். அலுமினியக் கூட்டைக் கண்ணால் பார்த்துக் கழிக்க வேண்டும். அளவு வாரியாகப் பிரிக்க வேண்டும். வாய் நசுங்கியது, உடல் பிளந்தது, இயந்திரத் துப்பாக்கியில் சுட்டு அளவுக்கு மேல் ஊதிப்போனது என்று தள்ளினால் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். பட்டாளத் தோட்டாவில் கேப்பு கழன்றுவிடாமல் இருக்க அதன் ஓரத்தை இறுக்கி அடித்திருப்பார்கள். அந்த இறுக்கத்தை ஒவ்வொன்றாகச் சீவி எடுக்காமல் புதுக் கேப்பு உள்ளே போகாது. பிறகு வாதுமைத் தோட்டுத் தூளோடு உருளையில் போட்டு உருட்டி மெருகேற்ற வேண்டும். அப்போது எழும்புகிற புழுதியில் கேப்பு மருந்தின் ஈயம் இருக்கிறது. மூக்கையும் வாயையும் மூடாமல் செய்கிறவன் லாபத்தோடு நோயையும் வீட்டுக்குக் கொண்டு போகிறான்.

"சர்க்கார் சொத்தை அடிமாட்டு விலைக்கு வாங்கிக் கொள்ளை அடிக்கிறார்கள்" என்று சிலர் குறைப்படுவது உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. திறந்த ஏலம். யார் வேண்டுமானாலும் கேட்கலாம். பட்டாளம் செய்ய விரும்பாத கைவேலையை இவன் செய்கிறான். அதன் கூலியை எடுத்துக்கொள்கிறான். பல பேர் போட்டி போட்டால் அந்தக் கூலியில் ஒரு பங்கு ஏல விலையாகச் சர்க்கார் கஜானாவுக்கே திரும்பிவிடும்.

நொறுக்கச் சொன்ன உத்தரவு

2009 மார்ச்சில் இந்த வியாபாரத்தின் தலையில் ஓர் இடி விழுந்தது. இனிமேல் சிறு ஆயுதங்களின் காலிக் கூட்டை முழுசாக விற்க மாட்டோம், நொறுக்கி உருத்தெரியாமல் ஆக்கித்தான் கொடுப்போம் என்று இலாகா அறிவித்தது. வாங்கி வந்தவர்களுக்கு அப்படியே கடிதமும் போயிற்று.

உத்தரவு போட்டவர்களுக்கும் ஒரு நியாயம் இருந்தது. அதைச் சொல்லாமல் விடுவது சரியல்ல. 2006-ல் அமெரிக்கப் பாராளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் தன் ஆட்களை வேஷம் மாற்றி அனுப்பி, வெளியே போகக்கூடாத இராணுவச் சாமான்களை அதே இலாகாவிடமிருந்து வாங்கிக் காட்டியது. இலாகா தலைகுனிந்தது. எஃப்-14 போர் விமானத்தை அமெரிக்கா தவிர ஈரான்தான் வைத்திருந்தது. அந்த விமானத்தின் உதிரிப் பாகங்கள் சுற்றி வளைத்து ஈரானுக்குப் போய்விடும் என்று பயந்து, 2007-ல் அவற்றின் விற்பனையை அடியோடு நிறுத்தினார்கள். சூடு கண்ட பூனை. தோட்டாக் கூட்டையும் பயத்தோடு பார்த்தது.

ஆனால் காலத்தைப் பாருங்கள். 2008 நடுவில் டன் 8,000 டாலருக்கு மேல் விற்ற செம்பு, அந்த ஆண்டு முடிவில் 3,000 டாலருக்குக் கீழே இறங்கிக் கிடந்தது. செம்பு இறங்கினால் பித்தளையும் இறங்கும். இன்னொரு பக்கம், 2008 நவம்பர் தேர்தலுக்குப் பிறகு துப்பாக்கிச் சட்டம் இறுகும் என்ற பயத்தில் ஜனங்கள் தோட்டாவை மூட்டை மூட்டையாக வாங்கிக் குவித்தார்கள். கடைகளில் சரக்கு இல்லை. உலைக்குப் போகிற பித்தளை மலிந்து, தோட்டாவாகிற பித்தளை ஏறி நிற்கிற நேரத்தில், "எல்லாவற்றையும் நொறுக்கு" என்று உத்தரவு! நொறுக்குகிற கூலி ஒரு பக்கம், குறைகிற விலை ஒரு பக்கம். இரண்டும் ஜனங்களின் வரிப்பணம்.

மொன்டானா மாநிலத்து செனட்டர்கள் ஜான் டெஸ்டர், மாக்ஸ் பாகஸ் இருவரும் சேர்ந்து இலாகாவுக்குக் கடிதம் எழுதினார்கள். துப்பாக்கிக்காரர்களும் கூச்சல் போட்டார்கள். அந்த மாதம் முடிவதற்குள்ளேயே உத்தரவு வாபஸ் ஆயிற்று. பிற்பாடு, விற்கக்கூடிய சிறு ஆயுதத் தோட்டாவையும் அதன் பாகங்களையும் அழிக்கச் சர்க்கார் பணத்தைச் செலவிடக்கூடாது என்று பாதுகாப்புச் செலவுச் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். உபயோகத்துக்கு ஆகாதது, ஆபத்தானது என்று சான்று எழுதினால் மட்டும் விதிவிலக்கு.

துப்பாக்கி மலிந்த ஒரு நாட்டில் தோட்டாவும் மலிவாகக் கிடைக்க வேண்டும் என்று வாதாடுகிறவன் அல்ல நான். அந்த நாட்டின் துப்பாக்கிச் சாவுகளைப் படிக்கும்போது வயிறு எரிகிறது. ஆனால் காலிக் கூட்டை நொறுக்கினால் ஒரு கொலையாவது குறையுமா? கூடு தானாக வெடிக்காது. மருந்தும் கேப்பும் குண்டும் வேண்டும். புதுத் தோட்டாவை ஆலைகள் இரவு பகலாகச் செய்து குவிக்கின்றன. கட்டுப்பாடு வேண்டுமானால் துப்பாக்கி விற்கிற இடத்தில் போடட்டும். காயலான் பீப்பாயில் போடுவது ஊரை ஏமாற்றுகிற காரியம்.

எனக்கு வருத்தம் வேறு. அந்த ஒரு மாதச் சண்டையில் இரண்டு கட்சியும் பேசியது துப்பாக்கிக்காரனைப் பற்றி. பீப்பாயைக் கவிழ்த்துப் பொறுக்குகிற கூலிக்காரனையும், கடைசியில் அதை உருக்குகிற உலைக்காரனையும் பற்றிப் பேச ஆள் இல்லை.

சுடாத ஒன்று

சுடுதளத்தில் ஆயிரம் பேர் சுடுகிறார்கள். பாதிப் பேர் புதிதாகச் சேர்ந்த பையன்கள். சில தோட்டா கேப்பு பற்றாமல் நின்றுபோகும். சில கைதவறி விழும். பொறுக்குகிறபோது காலியோடு சேர்ந்து அதுவும் பீப்பாய்க்குள் போகும். ஆயிரக்கணக்கான காலிக் கூட்டின் நடுவே சுடாத ஒன்று கிடந்தால் கண்டுபிடிப்பது கஷ்டம். உலைக்கு அது சுலபமாகத் தெரிந்துவிடும்.

சிறு தோட்டா உலைக்குள் வெடித்தால் கூடு சிதறிக் கண்ணைக் குத்தும். உருகிய பித்தளை மேலே தெறிக்கும். காலிக் கூடாகவே இருந்தாலும் உள்ளே மழைத்தண்ணீர் தங்கியிருந்தால் போதும். உருகிய உலோகத்தில் விழுந்த மாத்திரத்தில் ஆவியாகி வெடிக்கும். பெரிய குண்டு என்றால் உயிரே போகும். 1997-ல் கலிபோர்னியாவில் ஃபான்டானா என்ற ஊரில் ஒரு காயலான் கிடங்குத் தொழிலாளி, இராணுவச் சுடுதளத்துக் கழிவாக வந்த டாங்கிக் குண்டைக் கேஸ் விளக்கால் வெட்டப் போனார். குண்டு வெடித்து இறந்தார். வெடிக்காது என்று கருதி வெளியே விட்ட சரக்கு அது. வெட்டியவருக்கு எப்படித் தெரியும்?

இனி நம் நாட்டுக் கதை. 2004 செப்டம்பர் 30-ந் தேதி, டெல்லிக்குப் பக்கத்தில் காசியாபாத் மாவட்டம் சாகிபாபாத்தில் ஓர் எஃகு ஆலையில், வெளிநாட்டிலிருந்து வந்த பழைய இரும்பு வெடித்தது. பத்துத் தொழிலாளிகள் மாண்டார்கள். மேற்காசியாவிலிருந்து வந்த யுத்தக் கழிவு அது. அடுத்து வந்த நாட்களில் வேறு பல இடங்களிலும் கிடங்கைக் கிளறினால் பீரங்கிக் குண்டு வந்துகொண்டே இருந்தது. அது பித்தளை அல்ல, இரும்புதான். வழி ஒன்றேதான். போர்க்களத்தில் பொறுக்கியவன், தரகன், கப்பல்காரன், இறக்குமதிக்காரன் என்று நாலு பேர் லாபம் பார்த்தார்கள். ஐந்தாவதாக வந்தவன் தினக்கூலி.

அதற்குப் பிறகு இந்திய சர்க்கார் விழித்துக்கொண்டது. துண்டாக்காத பழைய உலோகம் குறிப்பிட்ட துறைமுகங்களில் மட்டுமே இறங்கலாம் என்று விதித்தார்கள். சென்னையும் தூத்துக்குடியும் அந்தப் பட்டியலில் உண்டு. சரக்கு கப்பல் ஏறுவதற்கு முன்பே பரிசோதித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்றும் வந்தது. ஆயுதம், கண்ணிவெடி, பீரங்கிக் குண்டு, தோட்டா, வேறு எந்த வெடிப்பொருளும், பயன்படுத்தியதாகவோ பயன்படுத்தாததாகவோ இல்லை என்று அதில் எழுத வேண்டும். "பயன்படுத்தியதாகவோ" என்ற சொல்லைக் கவனித்தீர்களா? சுட்டு முடித்த காலிக் கூட்டுக்கும் அங்கே இடம் கிடையாது. குஜராத்தில் ஜாம்நகர் ஊரே வெளிநாட்டுப் பழைய பித்தளையை உருக்கித்தான் திருகாணியும் குழாய்ச் சாமானும் செய்கிறது. அந்த ஊர் உலைக்காரர்களுக்கு இந்த ஒரு வரி பெரிய காவல்.

காவல்தான். ஆனால் காகிதக் காவல். சான்றிதழ் கொடுக்கிற நிறுவனத்தைச் சர்க்கார் அங்கீகரிக்கிறது. கூலி கொடுப்பவர் விற்கிறவரோ வாங்குகிறவரோதான். சரக்கு போய்ச் சேர வேண்டும் என்று துடிக்கிறவனிடம் கூலி வாங்குகிறவன் எத்தனை பீப்பாயைக் கவிழ்த்துப் பார்ப்பான்? கடற்கரையில் பெட்டி பெட்டியாக நிற்கும்போது பார்ப்பதைவிட, சுட்ட இடத்திலேயே பார்ப்பது எவ்வளவோ சுலபம்.

அதற்கு வழியும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. வெடி ஆபத்து இருக்கலாம் என்று சந்தேகப்படக்கூடிய இராணுவப் பொருளை ஒருவர் முழுக்கப் பார்க்க வேண்டும், அவருக்குச் சம்பந்தமில்லாத இன்னொருவர் மறுபடியும் முழுக்கப் பார்க்க வேண்டும், இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று அமெரிக்கப் பாதுகாப்பு இலாகாவின் விதியே சொல்கிறது. பத்துக்கு ஒன்று பார்ப்பதல்ல, நூற்றுக்கு நூறு. உருளை உலையில் போட்டுச் சூடு காட்டி, உள்ளே ஒளிந்திருப்பதை அங்கேயே வெடிக்கவிட்டு வெளியே எடுக்கிற இயந்திரமும் அவர்களிடம் இருக்கிறது. அப்படிச் சூடு கண்ட கூடு மறுபடி தோட்டா கட்ட ஆகாது, பதம் போய்விடும். ஆகவே முழுசாக விற்க வேண்டுமானால் கண்ணாலும் கையாலும்தான் பார்க்க வேண்டும். நொறுக்குகிற இயந்திரத்தில் போடுவதாக இருந்தாலும் பார்த்துத்தான் போட வேண்டும். பார்க்காமல் போட்டால் முதலில் செத்துப்போகிறவன் அந்த இயந்திரத்தை ஓட்டுகிறவன். நொறுக்கச் சொன்ன உத்தரவால் இந்தச் செலவு எப்படி மிச்சமாகும்?

இத்தனை கூட்டையும் எப்படிப் பார்ப்பது என்று பட்டாளம் சொல்ல முடியாது. நம் ஊரில் என்.சி.சி.யில் சேர்ந்து துப்பாக்கி பிடித்த பிள்ளைகளைக் கேளுங்கள். சுட்டு முடித்ததும் 'கோக்கா' பொறுக்கி எண்ணிக் கொடுக்க வேண்டும். ஒன்று குறைந்தால் புல்லுக்குள் கைவிட்டுத் தேட வேண்டும். கொடுத்த தோட்டா இத்தனை, திரும்பி வந்த காலி இத்தனை என்று கணக்கு நேராகாமல் வீட்டுக்குப் போக முடியாது. தோட்டா திருடு போகாமல் இருக்க இத்தனை கண்டிப்பு. ஒவ்வொரு கூட்டையும் கையில் எடுத்து எண்ணுகிற பட்டாளம், எடுத்த கையோடு அதன் வாயையும் அடியையும் பார்த்துவிட முடியாதா? குண்டு கழன்றிருக்கிறதா, கேப்பில் ஊசி குத்திய பள்ளம் இருக்கிறதா, அவ்வளவுதானே?

நம் பாதுகாப்புப் படைகளின் வேண்டாத சாமானையும் 1964-ல் ஏற்பட்ட எம்.எஸ்.டி.சி. என்ற சர்க்கார் நிறுவனம் ஏலம் விட்டுக் கொடுக்கிறது. அங்கேயும் "உள்ளது உள்ளபடி"தான். துருப்பிடித்த லாரிக்கு அந்த நிபந்தனை பொருந்தும். வெடிக்கக்கூடிய சரக்குக்கு அது பொருந்தாது. துருவை வாங்குகிறவன் கண்ணால் பார்த்துக்கொள்வான். வெடிமருந்தைப் பார்க்கத் தெரிந்தவன் விற்கிறவன் ஒருவன்தான்.

ஆகவே நான் கேட்பது இது. சுடுதளத்திலிருந்து புறப்படுகிற ஒவ்வொரு பீப்பாய்க்குள்ளும் ஒரு சீட்டு இருக்கட்டும். எந்தச் சுடுதளம், என்றைக்குப் பார்த்தது, பார்த்த இரண்டு பேர் யார் என்று அதில் எழுதியிருக்கட்டும். சோதனைக் கூலியை ஏலத்தொகையிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும். கிலோவுக்குச் சில காசு விலை ஏறினால் தோட்டா கட்டுகிறவனும் உலைக்காரனும் கொடுத்துவிட்டுப் போகட்டும். பீப்பாய் கைமாறுகிறபோதெல்லாம் சீட்டும் கூடவே போக வேண்டும். உருக்கிக் கட்டியாக்கிய பிறகுதான் அதைக் கிழிக்கலாம். நம் துறைமுகத்துச் சுங்க அதிகாரி, பெட்டியைத் திறந்து பட்டாளத்துப் பித்தளை ஒரு கூடு கண்டாலும், மேலே ஒட்டிய சான்றிதழைப் படிப்பதற்கு முன்னால் அந்தச் சீட்டைக் கேட்க வேண்டும். இல்லையென்றால் பெட்டி வந்த கப்பலிலேயே திரும்பிப் போகட்டும்.